பொத்தானின் மத்தியானங்கள்

இன்று மத்தியானம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உன் பழைய கைபேசி எனக்கு ஒரு செய்தி அனுப்பியது. ‘அசைவு தெரிகிறது.’

நான் பூங்காவில் இருந்தேன். மடியில் டிபன் பாக்ஸ், தயிர்சாதம், பாதி கடித்த மோர்மிளகாய். கையைத் துடைக்கக்கூட இல்லை. விரல் முட்டியால் தட்டித் திறந்தேன்.

ஒரு காது. திரை முழுக்க அதுதான். வெள்ளைக் காது, உள்பக்கம் இளஞ்சிவப்பு, நுனியில் சின்னக் கிழிசல். பிறகு காது நகர்ந்தது. நம் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தொட்டிமேல் ஒரு காக்கை. காக்கையைச் சரியாகப் பார்க்க உன் கைபேசி இடைஞ்சலாக இருந்திருக்கிறது. ஒரு தள்ளு. அதற்குப் பிறகு திரையில் மேற்கூரை மட்டும்.

பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். மற்றவர்களிடம் சொன்னால் ‘பூனைதானே’ என்பார்கள். நீ அப்படிச் சொல்ல மாட்டாய். நீ கண்ணை விரித்து, ‘நீயா? பூனையா?’ என்று கேட்பாய்.

நான்தான். பூனைதான்.

மூன்று வருடம் இந்த முதல் மாடியில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்தோம். காலாப்பட்டுப் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை, படிப்பு முடிந்ததும் புதுச்சேரி ஊருக்குள் ஒரே வீடு. நீ காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி வேனில் ஏறுவாய். நான் ஒன்பதேகாலுக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீ ஒரு பூனைக்குட்டியைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு படியேறி வருவாய். ஒவ்வொரு முறையும் நான் கதவை மறித்து நிற்பேன்.

“ரெண்டு பேரும் போயிட்டா அது தனியா இன்னாடி பண்ணும்?”

“அத என்னியக் கேட்டா? அதுங்கிட்டயே கேளு.”

குட்டி துப்பட்டாவுக்குள்ளிருந்து என்னைப் பார்க்கும். நான் கேட்டதில்லை. நீ அதை எடுத்துப்போய்த் தெருமுனை பேக்கரியில் விட்டுவிட்டு வருவாய். அந்த பேக்கரியில் இப்போது ஏழெட்டுப் பூனைகள் இருக்கின்றன. எல்லாம் நான் வேண்டாம் என்றவையும் அவற்றின் குட்டிகளும். ரொட்டி வாங்கப் போனால் முறைக்கின்றன.

நீ போய் ஒன்றரை வருடம். உன் கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் புதிதாக இருக்கிறது. உன் அம்மா வந்து கட்டிலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனபோது இந்தக் கைபேசியை என் கையில் வைத்தார்கள். “சத்தமே வராது, பேசினாலும் கேக்காது. இத எடுத்துனு போயி நான் இன்னா பண்றது. நீயே வெச்சிக்கம்மா.” கேமரா மட்டும் நன்றாக இருந்தது. அதைக்கொண்டு பார்க்க எனக்கு அப்போது எதுவும் இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் விலங்குகள் காப்பகத்துக்குப் போனேன். தகரக் கூரை, வலைக் கூண்டுகள், டெட்டால் வாசனை. சும்மா பார்க்கத்தான் போனேன். சும்மா பார்க்கப் போகிற யாரும் சும்மா திரும்புவதில்லை என்று அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் கலா அக்கா சொன்னார்.

கடைசிக் கூண்டில் இவள் இருந்தாள். வெள்ளை. நெஞ்சில் வட்டமாக ஒரே ஒரு கறுப்புப் புள்ளி, சட்டைக்குப் பொத்தான் தைத்தமாதிரி. அதனால் பெயரும் பொத்தான்.

“இவளுக்கு ரெண்டு வீடு ஆயிடுச்சிங்க. ரெண்டு பேரும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“ஏங்க்கா, கடிப்பாளா?”

“கடிச்சா பரவால்லியே. கத்துவா. ஆளு வெளிய போனா கத்துவா. திரும்பி வர வரிக்கும் கத்துவா. அக்கம்பக்கம் சும்மா இருக்குமா?”

பிறகு கலா அக்கா தன் விதியைச் சொன்னார். ஆறு வாரம். ஆறாவது வாரத்தில் ஒருநாள், சொல்லாமல், நான் வேலைக்குப் போன பிறகு வருவார். கீழ் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார். கத்தினால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

“மூணாவது தடவையும் திரும்பி வந்துட்டான்னா அப்புறம் நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். கடைசி வரிக்கும் இந்தக் கூண்டுதான். ஒவ்வொரு வாட்டி திரும்பி வரும்போதும் பாதியா இளைச்சித்தான் வருது. யோசிச்சிக்கோங்க.”

நான் யோசிக்கவில்லை. உனக்குத் தெரியும், எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

கீழ்வீட்டு மதாம் இருக்கிறாரே, நம் வீட்டுக்காரர், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மகன் பிரான்சில், தான் தனியாக, பகல் ஒன்றரை முதல் மூன்றரை வரை தூக்கம். அந்த நேரத்தில் மேலே குழாயைத் திறந்தால்கூடத் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறவர். கூடையைத் திறந்து பார்த்தார்.

“ரெண்டு வீட்ல வாழாம வந்துட்டவளா? ஓ லா லா.” கொஞ்ச நேரம் பொத்தானைப் பார்த்தார். “சரி. மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா என் தூக்கம் கெட்டுச்சின்னா ரெண்டு பேருமே காலி பண்ணணும்.”

முதல் வாரம் கடைக்கு நான்கு நாள் விடுப்பு. பயிற்சி. எனக்கு.

கலா அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கிளம்பும்போது கொஞ்சக் கூடாது. ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. திரும்பி வந்ததும் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. வந்து, செருப்பை விட்டு, தண்ணீர் குடித்து, அவளாகத் தணிந்த பிறகுதான் தொட வேண்டும். இதில் இரண்டாவதுதான் கஷ்டம். வாசலைத் தாண்டும்போது தானாக வாயில் வந்துவிடும் வார்த்தை. பாதியில் விழுங்கி விழுங்கி எனக்கு விக்கல் எடுத்தது.

முதல் நாள்: கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் நின்றேன். நாற்பதாவது விநாடியில் ஆரம்பித்தாள். ஒரு பூனைக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள்: ஒன்றரை நிமிடம்.

மூன்றாம் நாள்: மூன்று நிமிடம். படிக்கட்டிலேயே குதித்தேன்.

நான்காம் நாள் தெருமுனை வரை போய்ப் பால் பாக்கெட் வாங்கி, பேக்கரிப் பூனைகளின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பதினோரு நிமிடம். சத்தம் இல்லை. பதினோரு நிமிடம்! எம்.ஏ. தேர்வு முடிவு வந்த அன்று நான் இப்படி ஓடவில்லை.

இன்னொரு பாடம் உண்டு. சாவிச் சத்தம், ஹெல்மெட், கைப்பை, இவற்றைப் பார்த்தாலே ‘போகிறாள்’ என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே அவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் இருக்க வேண்டும். சாவியை எடு, உட்கார். ஹெல்மெட்டை மாட்டு, புத்தகம் படி. வாடகை விஷயமாக மேலே வந்த மதாம் திறந்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்தார். நாற்காலியில், ஹெல்மெட்டோடு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா இது? கூரை விழுந்துடும்னு பயமா?”

“பூனைக்குப் பழகணும் மதாம்.”

“பூனைக்கு ஹெல்மெட்டு பழகணுமா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்று சொன்னார்: “உன் ஃபிரெண்டு இருந்தா இப்ப விழுந்து விழுந்து சிரிப்பா.” பொத்தான் ஹெல்மெட் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பும் நாளில் நான் ரொம்பத் தெம்பாக இருந்தேன். ஏன் என்றால், நம் ஊர் வழக்கம். ஒரு மணிக்குக் கடை மூடினால் நான்கு மணிக்குத்தான் திறப்பு. கடை முதலாளி முசியே ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார். கடைத்தெருவில் பெரும்பாலும் எல்லோருமே அப்படித்தான். பூனை வளர்க்க இதைவிட நல்ல ஊர் உண்டா? வேறு ஊர் என்றால் காலையில் போனால் இருட்டித்தான் வீடு. இங்கே நான்கு மணி நேரம் பொறுத்தால் போதும், நான் வந்துவிடுவேன். இரண்டரை மணி நேரம் கூடவே இருப்பேன். மறுபடி ஒரு மூன்றரை மணி நேரம், பிறகு ஏழேகாலுக்கு வீடு. முசியேவிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அந்த மத்தியானங்கள் அற்புதமாக இருந்தன. ஒத்துக்கொள்கிறேன். ஒன்று பத்துக்குச் சாவி நுழையும்போதே உள்ளே தொப்பென்று ஒரு குதி. நெத்திலி வேகவைத்து அவளுக்கு, குழம்பு வைத்து எனக்கு. பிறகு வெறும் தரையில் படுப்பேன். உன் கட்டில் இருந்த இடம்தான் வீட்டில் குளிர்ச்சி. என் மணிக்கட்டில் தாடையை வைத்துத் தூங்குவாள். மூன்று நாற்பதுக்குக் கையை மெதுவாக உருவிக்கொண்டு எழுவேன்.

கிளம்பும்போது பிரேம்கள் வரும் சின்ன அட்டைப்பெட்டிகளில் மீன் துண்டுகளை ஒளித்துவைத்துவிட்டுப் போவேன். அவள் தேடித் தின்ன வேண்டும், பொழுது போக வேண்டும், என்னை மறக்க வேண்டும். காலையிலும் வைப்பேன். காலைப் பெட்டிகள் கிழிந்து காலியாகக் கிடக்கும். மத்தியானப் பெட்டிகள் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மதாம் சொன்னார். ஒருநாள் அல்ல, தினமும். “மூணே முக்காலுக்கு ஆரம்பிச்சா அஞ்சரை வரிக்கும் கத்துறாம்மா. நான் ஜெபமாலை சொல்றதா, அதுக்கு ஆறுதல் சொல்றதா?” நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நாள் முழுக்கத்தான் கத்துகிறாள், காலையில் மதாம் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்விடுகிறார், தூங்கி எழுந்த பிறகுதான் அவர் காதில் விழுகிறது என்று. மூன்றாவது வாரம் உன் கைபேசியைத் தேடி எடுத்து, அசைவு தெரிந்தால் படம் காட்டும்படி செய்து, மத்தியானம் கிளம்பும்போது ஜன்னலோரம் சாய்த்துவைத்துவிட்டு வந்தேன். கடையில் ஒரு தாத்தாவின் மூக்கில் பிரேமை வைத்துவிட்டுத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

கதவின் முன் நின்றிருந்தாள். வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. உன் கைபேசியில் சத்தம் வராது. படம் எனக்கு, ஒலி மதாமுக்கு.

இரண்டு வாரம்தான் மிச்சம் என்ற நிலை நெருங்கிக்கொண்டிருந்தது. மத்தியானங்களை இன்னும் நன்றாகக் கொடுக்க முயன்றேன். அதிகம் விளையாடினேன். அதிகம் மீன். ஒருநாள் மதாம் படியிலேயே நின்றார்.

“நேத்து ஆறு மணி வரிக்கும். என் தம்பி வந்திருந்தான். யாரையோ அடைச்சி வெச்சிருக்கியான்னு கேக்குறான். இப்படியே போனா அந்தக் காப்பகத்துப் பொண்ணு வந்தா நான் பொய் சொல்ல முடியாது. சொல்லிட்டேன்.”

நான்காவது வாரத்து வியாழக்கிழமை. லென்ஸ் விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார், வருவதே மத்தியானம்தான். முசியே முதல் நாளே சொல்லிவிட்டார்.

“நாளைக்கு நீ இருக்கணும். நான் மாத்திரை போட்டுக்கிட்டுப் படுக்கலன்னா சாயங்காலம் யாருக்கும் கண்ணு அளக்க முடியாது, என் கண்ணே சுத்தும்.”

காலையிலேயே கைபேசியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். நாள் முழுக்கத் தனியாக. பத்து மணி நேரம். என்ன ஆகுமோ.

ஒன்று ஐந்துக்குக் கதவருகே வந்தாள். உட்கார்ந்தாள். வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். காத்திருக்கிறாள். ஒன்று பத்து. ஒன்று பன்னிரண்டு. இதோ வாயைத் திறக்கப்போகிறாள்.

திறந்தாள். கொட்டாவி.

எழுந்தாள். முதுகை வில்லாக வளைத்தாள். ஜன்னலுக்கு வந்து கம்பிக்குப் பக்கத்தில் சுருண்டாள். தூங்கிவிட்டாள்.

“அண்ணே! அண்ணே, பாருங்க, தூங்குறா!”

இயந்திரத்துக்கு அடியிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார். “பூனை தூங்கும்மா. நீ இந்த டார்ச்ச புடி.”

டார்ச்சைப் பிடித்தேன். மறு கையில் அவளைப் பிடித்திருந்தேன். இரண்டு மணிக்குப் புரண்டாள். இரண்டரைக்கு ஒரு பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்துக் கிழித்தாள். மூன்று மணிக்குப் பின்னங்காலை ஆகாயத்தில் நீட்டி நிதானமாக நக்கினாள். மூன்றே முக்கால் ஆயிற்று. மூன்றே முக்கால்! பல்லி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு. ஐந்து. கதவுப் பக்கமே போகவில்லை.

ஏழேகாலுக்கு மதாம் வாசலில் காத்திருந்தார்.

“இன்னிக்கு மத்தியானம் நீ வரல?”

“இல்ல மதாம். வேல.”

“அதானே. சத்தமே இல்ல. எனக்கே பயமாப் போச்சி. மேல ஏறி வந்து கதவுல காது வெச்சிப் பாத்தேன், உயிரோட இருக்கான்னு.”

“காலைல கத்துவாளே மதாம்?”

“காலைலயா? காலைல கத்தினான்னு நான் எப்ப சொன்னேன்? மூணே முக்கால்னுதானே தினம் சொல்றேன். உனக்குக் காது கேக்குதா இல்லியா?”

படியில் பாதியில் நின்றுவிட்டேன்.

காலையில் நான் போவதை அவள் என்றைக்கோ பழகிவிட்டிருக்கிறாள். நாள் என்றால் இப்படித்தான், காலையில் போவாள், வருகிறபோது வருவாள். அதை அவளால் தாங்க முடிகிறது. தாங்க முடியாதது என் மத்தியானம். தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, மீன் கொடுத்து, மணிக்கட்டைக் கொடுத்து, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இரண்டாவது தடவையாக எழுந்து போனேன். ஒரே நாளில் இரண்டு முறை விட்டுவிட்டுப் போகிறவள் நான். பிரியம் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் படியில்தான் நீ வந்தாய்.

மருத்துவமனையில் நீ இருந்த ஒன்பது வாரம். உன் அம்மா இரவு கூட இருப்பார்கள். காலை பஸ்ஸில் பாகூர்ப் பக்கத்து ஊருக்குப் போய், வீட்டு வேலை முடித்து, சமைத்து எடுத்துக்கொண்டு மாலையில் திரும்புவார்கள். பகல் முழுக்க நீ தனி. எனக்கோ மத்தியானம் மூன்று மணி நேரம் சும்மா கிடந்தது. ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வருவேன். பாஸைக் காட்டி உள்ளே வந்தால் உன் முகம் மலரும். உனக்குத் தலை வாரி, பத்திரிகை படித்து, நம் விடுதிக் கதைகளை எல்லாம் மறுபடி சொல்லி, மூன்றரைக்குக் கிளம்புவேன். கடை மூடியதும் இரவு மறுபடி வருவேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. எனக்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ. மூன்றரை. கைப்பையை எடுத்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

“இனிமே மத்தியானம் வராதடி. ராத்திரி மட்டும் வா.”

“ஏன்?”

“வராதன்னா வராத.”

“நான் எதுனா பண்ணிட்டனா?”

“அய்ய. ஒண்ணும் பண்ணல. போ, கடைக்கு நேரமாச்சி.”

நான் போனேன். மறுநாளிலிருந்து மத்தியானம் வரவில்லை. இரவு மட்டும் வந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன் என்று உனக்கும் தெரியும். நான் உனக்குப் பாரமாகிவிட்டேன், என் பேச்சும் என் சிரிப்பும் உன்னைச் சோர்வாக்குகின்றன, அதைச் சொல்ல உனக்கு மனமில்லை. இப்படித்தான் நினைத்தேன். நீ போன பிறகும் இதையே நினைத்தேன். அதோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. அந்த மத்தியானங்களில் நீ கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுபோல ஒரு படம். ஒன்று உண்மை என்றால் மற்றது உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டுமே வலித்தன. ஒன்றரை வருடம், மாறி மாறி.

வியாழக்கிழமை, மதாமுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து சொன்னேன்: “மதாம், அவ என்மேல சலிச்சிப் போகல.”

“யாரு, பூனையா?”

“இல்ல.”

மதாம் புரிந்துகொண்டாரா தெரியவில்லை. முட்டி வலியோடு என் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் மத்தியானம் வீட்டுக்குப் போகவில்லை. உனக்குத் தெரியாத ஒரு ஊர் இது. ஒன்றரை மணிப் புதுச்சேரி. நாம் இருவரும் அந்த நேரத்தில் இதை நின்று பார்த்ததே இல்லை. ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருக்கும். கடற்கரைச் சாலையில் கல் சுடும், ஒரே ஒரு வெள்ளைக்காரர் மட்டும் தொப்பி இல்லாமல் நடந்துகொண்டிருப்பார். பூங்காவில் மரத்துக்கு ஒருவர் என்று படுத்திருப்பார்கள். தூங்குகிற ஊரில் விழித்திருப்பது வேடிக்கையாக இருக்கிறது. சாப்பிடுகிறேன். படிக்கிறேன். அவளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு வேறொரு மத்தியானம். ஒருநாள் எறும்பு வரிசை. ஒருநாள் மேசைக்கும் அலமாரிக்கும் இடையே தாவல், ஆறு முறை, ஆறாவது முறை வெற்றி. ஒருநாள் முழுக்க வெயில் கட்டம் நகர நகரத் தானும் நகர்ந்து படுத்தாள். இதில் எதிலும் நான் இல்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆறாவது வாரம் தொடங்கியது. திங்கள், செவ்வாய். கலா அக்கா வரவில்லை. அல்லது வந்து, கேட்டுவிட்டு, சொல்லாமல் போயிருப்பாரோ.

இன்று புதன். நான்கே முக்காலுக்கு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கண்மணிகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். மதாமிடமிருந்து அழைப்பு. அவர் என்னை அழைப்பதே இல்லை. அறுபது மில்லிமீட்டர் என்று படித்தேன், மறுபடி பார்த்தால் ஐம்பத்தெட்டு. முசியே என் முகத்தைப் பார்த்தார், ஸ்கேலை வாங்கிக்கொண்டார். “போய்ப் பேசு. பொண்ணுக்கு மாறுகண் ஆக்கிடப் போற.”

“அந்தக் காப்பகத்துப் பொண்ணு வந்திருக்காம்மா,” மதாம் ரகசியக் குரலில் பேசினார். “மூணரைக்கே வந்துட்டா. நான் கண்ணு முழிக்கும்போதே கதவத் தட்டுறா. கூடத்துல உக்காந்துனு இருக்கா. ரெண்டு காப்பி குடிச்சிட்டா.”

“பொத்தான்?”

“இன்னா பொத்தான்? மூச்சி இல்ல. அவ என்னியக் கேக்குறா, மேல பூனை இருக்குதா, வேற எங்கியாவது விட்டுட்டாங்களான்னு. நான் சொன்னேன், இருக்குதும்மா, அதுக்கு அதும்பாட்டுக்கு வேல இருக்குதுன்னு. இரு, அவளே பேசணுங்கறா.”

கலா அக்கா வந்தார். முதலில் சிரித்தார். “ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்துட்டேன். இன்னா பண்ணீங்க?”

“மத்தியானம் வீட்டுக்குப் போறத நிறுத்திட்டேங்க்கா.”

“இத எழுதி வெச்சிக்கணும். நம்ம ஊர்லதான் எல்லாரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடுறாங்க. இவளுக்கு முன்னாடி இருந்த ரெண்டு வீடும் அப்படித்தான்.” பிறகு சொன்னார்: “இனிமே இவ உங்க பூனை. பேப்பரு மதாம்கிட்ட குடுத்துட்டுப் போறேன்.”

கடைக்குள் திரும்பி வந்து நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பள்ளிக்கூடப் பெண் கைதட்டியதாக முசியே சொல்கிறார்.

இதை எழுதும்போது அவள் உன் கட்டில் இருந்த இடத்தில் மல்லாந்து கிடக்கிறாள். நான் உள்ளே வந்தபோது தலையைத் தூக்கிப் பார்த்தாள், திரும்பப் படுத்துக்கொண்டாள். எனக்காக எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நிம்மதி அவளுக்கு.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்த இரண்டு வாரமும் பூங்காவில் உட்கார்ந்து, நான் மத்தியானம் வருவதை நிறுத்திய பிறகு இரவுகளில் நீ சொன்னதை எல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறைய இருக்கின்றன. அதற்கு முன் நான்தான் பேசுவேன், நீ கேட்பாய். அதற்குப் பிறகுதான் உன்னிடம் சொல்ல ஏதாவது இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரம்மா ஊறுகாயைத் தலையணைக்குள் ஒளித்தது. நர்ஸுக்கு மாப்பிள்ளை பார்த்தது, நீ அவன் போட்டோவுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டது. ஜன்னல் வழியாக வந்த புறா பிஸ்கட்டோடு போனது. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். நான் இல்லாமல் நன்றாகத்தான் பொழுது போகிறது என்று உள்ளே கோபம்.

ஒரு இரவு நீ தலைமாட்டிலிருந்து ஒரு கமலாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாய்.

“ஜெயிச்சது. சாப்பிடு.”

உரித்தேன். தின்றேன். நன்றாகப் பழுத்த பழம். எதில் ஜெயித்தாய், யாரை ஜெயித்தாய் என்று நான் கேட்கவில்லை. உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பழத்தை நான் தின்றிருக்கிறேன். அந்த வார்டில், ஊரே தூங்கும் ஏதோ ஒரு மத்தியானத்தில், கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காமல், நீ பந்தயம் கட்டியிருக்கிறாய். சிரித்திருக்கிறாய். ஜெயித்திருக்கிறாய்.